முடிவெடுக்கும் நாற்காலி – 9: எட்டு போதுமா?

2015 ஆகஸ்ட் மாதம். அட்லாண்டாவில் உள்ள கார்ட்டர் மையத்தில் நிருபர்கள் கூடியிருந்தார்கள். 90 வயது ஜிம்மி கார்ட்டர், தனக்குப் புற்றுநோய் என்பதையும் அது மூளை வரை போய்விட்டது என்பதையும் யாருக்கோ வந்த வியாதியைப் பற்றிப் பேசுவதுபோல் சொல்லி முடித்தார். வாழ்க்கையில் வேறு மாதிரி செய்திருக்கலாமே என்று எதையாவது நினைப்பதுண்டா என்று ஒரு கேள்வி வந்தது. இன்னும் ஒரு ஹெலிகாப்டரை அனுப்பியிருக்கலாம் என்றார். அனுப்பியிருந்தால் பணயக்கைதிகளை மீட்டிருப்போம், நானும் மறுபடி தேர்தலில் ஜெயித்திருப்பேன் என்றும் சேர்த்துக்கொண்டார்.

அந்த ஒரு ஹெலிகாப்டரின் கதைதான் இந்த வாரம்.

சென்ற வாரம் மயாகெஸ் கப்பலைப் பார்த்தோம். 1975 மே மாதம் கம்போடியா பிடித்துவைத்த கப்பல் ஊழியர்களை மீட்க, அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு கோ டாங் தீவில் படையை இறக்கினார். தேடிப் போனவர்கள் அந்தத் தீவிலேயே இல்லை. கம்போடியர்கள் தாங்களாகவே அவர்களை ஒரு படகில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அந்த நடவடிக்கையில் 41 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். ஃபோர்டின் செல்வாக்கோ ஏறியது. ஐந்து வருடம் கழித்து ஈரான் பாலைவனத்தில் 8 பேர் இறந்தார்கள். கார்ட்டர் என்ற பெயரே கையாலாகாத்தனத்துக்கு மறுபெயராகிவிட்டது. ஜனங்கள் போடும் கணக்கு இப்படித்தான் இருக்கும். நாம் கொஞ்சம் வேறு மாதிரி போட்டுப் பார்க்கலாம்.

கதை ஆரம்பிப்பது ஒரு நோயாளியிடமிருந்து. ஈரான் மன்னர் ஷா, புரட்சி வெடித்து 1979 ஜனவரியில் நாட்டைவிட்டுக் கிளம்பியவர். எகிப்து, மொராக்கோ, பஹாமாஸ், மெக்சிகோ என்று ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தார். உடம்பில் புற்றுநோய். அவரை அமெரிக்காவுக்குள் விடச்சொல்லி முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஹென்றி கிஸிஞ்சரும் வங்கியாளர் டேவிட் ராக்ஃபெல்லரும் மாதக்கணக்கில் நச்சரித்தார்கள். கார்ட்டர் பிடிகொடுக்கவில்லை. டெஹ்ரானில் இருக்கும் தூதரகத்துக்கு என்ன ஆகும் என்பது அவர் கவலை. வெறும் கற்பனைக் கவலையும் அல்ல அது. அதே வருடம் பிப்ரவரி 14 அன்று ஆயுதக் கும்பல் ஒன்று அந்தத் தூதரகத்துக்குள் புகுந்து, சில மணி நேரம் கழித்துத்தான் வெளியேறியிருந்தது.

அக்டோபரில் ஷாவின் நிலைமை மோசம் என்று தகவல் வந்தது. ஆலோசகர்கள் ஒருவர் பின் ஒருவராக மனிதாபிமானத்தின் பக்கம் சாய்ந்தார்கள். கார்ட்டர் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார். நாளைக்கு நம் ஆட்களை அவர்கள் பிடித்துவைத்துக்கொண்டால் அப்போது எனக்கு என்ன யோசனை சொல்வீர்கள்? யாரும் பதில் சொல்லவில்லை. பதில் வராத அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டே அவர் சரி என்றார். அக்டோபர் 22 அன்று ஷா நியூயார்க்கில் இறங்கினார். நவம்பர் 4 அன்று மாணவர்கள் தூதரகத்தின் மதில் ஏறிக் குதித்தார்கள். மொத்தம் 66 அமெரிக்கர்கள் பிடிபட்டார்கள்.

ஈரானியர்கள் பக்கம் நின்று பார்த்தால் அந்த ஆத்திரத்துக்குக் காரணம் இருந்தது. 1953இல் தாங்கள் தேர்ந்தெடுத்த பிரதமர் மொசாதெக்கை சிஐஏவும் பிரிட்டனும் சேர்ந்து கவிழ்த்து, ஓடிப்போன ஷாவைத் திரும்பக் கொண்டுவந்து உட்காரவைத்ததை அவர்கள் மறக்கவில்லை. இப்போது வைத்தியம் என்று சொல்லி அவரை அமெரிக்கா அழைத்துக்கொண்டால், பழைய நாடகத்தின் இரண்டாம் பாகம் என்று நினைக்காமல் என்ன நினைப்பார்கள்? மாணவர்கள் போட்டிருந்த திட்டம் சில நாள் முற்றுகைதான். புரட்சியின் தலைவர் அயதுல்லா கொமேனி ஆசீர்வதித்த பிறகு அது நாட்டின் கொள்கையாகிவிட்டது.

இரண்டே வாரத்தில் பெண்களும் கறுப்பினத்தவருமாக 13 பேரை விட்டார்கள். அதற்குப் பிறகு ஒருவரைத் தவிர மற்றவர்களுக்குக் கதவு சாத்திக்கொண்டது.

கார்ட்டர் எடுத்த முதல் முடிவு, உயிர்கள் முக்கியம் என்பது. ஈரானிய எண்ணெய் வாங்குவதை நிறுத்தினார், அமெரிக்க வங்கிகளில் இருந்த ஈரானின் பணத்தை முடக்கினார், ஐ.நா.வுக்குப் போனார். குண்டு போடவில்லை. ஆரம்பத்தில் நாடு அவர் பின்னால் நின்றது. ஆனால் கூடவே இன்னொன்றையும் செய்தார். கைதிகள் வீடு திரும்பும்வரை தேர்தல் பிரசாரத்துக்குப் போவதில்லை என்று வெள்ளை மாளிகைக்குள்ளேயே இருந்துவிட்டார். அந்த வருடக் கிறிஸ்துமஸ் மரத்தில் உச்சி நட்சத்திரத்தை மட்டும் ஏற்றி, மற்ற விளக்குகளை அணைத்தே வைத்தார்கள். நல்ல மனசுதான். ஆனால் அதிபரே வேறு வேலை இல்லாமல் இதற்காக உட்கார்ந்திருக்கிறார் என்றால், டெஹ்ரானில் பிடித்துவைத்திருப்பவர்களுக்குத் தங்கள் கையில் இருப்பதன் விலை தெரிந்துவிடாதா? தொலைக்காட்சிகள் மீதியைப் பார்த்துக்கொண்டன. ஏபிசி இரவுதோறும் ஒரு தனி நிகழ்ச்சி நடத்தியது. சிபிஎஸ் செய்தியின் முடிவில் வால்டர் கிராங்கைட் இன்று இத்தனையாவது நாள் என்று எண்ணிச் சொல்ல ஆரம்பித்தார். தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வீடு அதிபரின் தோல்வியை எண்ணிக் காட்டினால் எந்த அதிபர் தாங்குவார்?

1980 ஏப்ரல் 1. விஸ்கான்சின் மாநிலத்தில் கட்சியின் வேட்பாளர் தேர்வுக்கான வாக்குப்பதிவு நாள். எதிரில் நின்றவர் எட்வர்ட் கென்னடி. காலை 7 மணிக்கே நிருபர்களை அழைத்து, டெஹ்ரானிலிருந்து நல்ல செய்தி இருக்கிறது என்றார் கார்ட்டர். ஈரான் அதிபர் பனிசதர், கைதிகளை மாணவர்களிடமிருந்து அரசாங்கத்தின் பொறுப்புக்கு மாற்றச் சம்மதித்திருந்தார். விஸ்கான்சினில் கார்ட்டர் ஜெயித்தார். கொமேனி அந்த ஏற்பாட்டை முறித்துப்போட்டார். ஓட்டுக்காகக் காலையிலேயே கடை விரித்தார் என்ற பேச்சு மட்டும் மிஞ்சியது. ஏப்ரல் 7 அன்று ஈரானுடன் தூதரக உறவைத் துண்டித்தார். பேச யாரும் இல்லை என்றாகிவிட்ட பிறகு, ஐந்து மாதமாக ராணுவத் தலைமையகத்தில் தயாராகிக்கொண்டிருந்த திட்டத்தை மேஜைக்குக் கொண்டுவந்தார்கள்.

ஏப்ரல் 11 அன்று தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் கூடியது. வெளியுறவு அமைச்சர் சைரஸ் வான்ஸ் அந்தக் கூட்டத்தில் இல்லை. மாதக்கணக்கில் ஓய்வில்லாமல் உழைத்தவர், இரண்டு மூன்று நாள் ஃபுளோரிடாவுக்குப் போயிருந்தார். அவருக்குப் பதிலாக வந்த துணை அமைச்சர் வாரன் கிறிஸ்டோபருக்கு மீட்புத் திட்டம் இவ்வளவு தூரம் முற்றியிருப்பது தெரியாது. மீட்புப் படையை அனுப்புவது என்று முடிவாயிற்று. இதை எதிர்க்கக்கூடிய ஒரே ஆள் ஊரில் இல்லாத நாளில் கூட்டம் நடந்தது தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். திரும்பி வந்து விஷயத்தைக் கேட்ட வான்ஸ் அதிர்ந்துபோனார். மறுபடி பேச வாய்ப்புக் கேட்டார். ஏப்ரல் 15 அன்று கொடுத்தார்கள்.

வான்ஸ் சொன்னவை எளிய விஷயங்கள். இந்த ஆட்களைக் கொல்லும் எண்ணம் ஈரானுக்கு இல்லை, உள்ளூர் அரசியலுக்கு உபயோகப்படும்வரை வைத்திருந்து பிறகு விடுவார்கள். ஐரோப்பிய நாடுகளை இப்போதுதான் பொருளாதாரத் தடைக்குச் சம்மதிக்க வைத்திருக்கிறோம், அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? இவர்களை மீட்டாலும் டெஹ்ரானில் இன்னும் எத்தனையோ அமெரிக்கர்கள் இருக்கிறார்கள், நாளைக்கு அவர்களைப் பிடிப்பார்கள். வான்ஸ் போரே பார்க்காத கோட்டு சூட்டு ஆசாமி அல்ல. அதிபர் ஜான்சன் காலத்தில் பாதுகாப்புத் துறையின் துணை அமைச்சராக இருந்தவர். தளபதிகளின் வரைபடத்தில் அழகாக இருக்கும் திட்டம் மண்ணில் இறங்கியதும் என்ன ஆகும் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். அவர் பேசி முடித்ததும் அறையில் அமைதி. ஒருவரும் அவர் பக்கம் சேரவில்லை. சில நாளில் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தார். திட்டம் ஜெயித்தாலும் தோற்றாலும் தன் ராஜினாமா நிற்கும் என்றார். இந்தத் தொடரில் இதுவரை வந்த அமைச்சர்களில், முடிவு தெரிவதற்கு முன்னாலேயே விலகியவர் அவர் ஒருவர்தான். அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மேலே போவோம்.

மறுநாள், ஏப்ரல் 16. தளபதிகள் வெள்ளை மாளிகைக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் கர்னல் சார்லஸ் பெக்வித். தரைப்படையின் டெல்டா என்ற சிறப்புப் படையை 1977இல் உருவாக்கியவர். வியட்நாமில் அடிபட்டுப் பிழைத்தவர், வாய் கொஞ்சம் நீளம். அவர் விளக்கிய திட்டத்தைக் கேளுங்கள்.

முதல் இரவு, ஓமன் நாட்டின் மசிரா தீவிலிருந்து ஆறு சி-130 விமானங்கள் கிளம்பும். அவற்றில் வீரர்களும் எரிபொருளும். அரபிக்கடலில் நிற்கும் நிமிட்ஸ் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து எட்டு ஹெலிகாப்டர்கள் விளக்கில்லாமல், ரேடியோ பேசாமல், தாழப் பறந்து சுமார் 600 மைல் வரும். ஈரானின் நடுவில், தபஸ் ஊருக்குப் பக்கத்தில் உள்ள பாலைவனத்தில் இரண்டும் சந்திக்கும். அந்த இடத்துக்கு ‘டெசர்ட் ஒன்’ என்று பெயர். அங்கே எரிபொருள் நிரப்பிக்கொண்டு, வீரர்களை ஏற்றிக்கொண்டு, விடிவதற்குள் டெஹ்ரானுக்கு வெளியே மலைப்பக்கம் போய் ஹெலிகாப்டர்கள் பதுங்கும். பகல் முழுக்க மறைந்திருக்க வேண்டும். இரண்டாம் இரவு, ஏற்கெனவே உள்ளே போயிருக்கும் ஆட்கள் ஏற்பாடு செய்த லாரிகளில் நகரத்துக்குள் நுழைந்து, தூதரகத்தின் மதிலைத் தாண்டி, கைதிகளை மீட்டு, எதிரே இருக்கும் அம்ஜதியே கால்பந்து மைதானத்துக்கு ஓட்டமாகக் கூட்டிவர வேண்டும். ஹெலிகாப்டர்கள் அங்கே வந்து அள்ளிக்கொள்ளும். மன்சாரியே என்ற விமானதளத்தை இன்னொரு படை பிடித்துவைத்திருக்கும். அங்கிருந்து பெரிய விமானங்களில் நாட்டைவிட்டு வெளியே.

படிக்கும்போதே மூச்சு முட்டுகிறதல்லவா? இதில் எந்த ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றவை எல்லாம் வீண்.

கார்ட்டர் கவனமாகக் கேட்டார். காரணமில்லாமல் ஈரானியர்களைச் சுட்டுத்தள்ளக் கூடாது என்றார். களத்தில் நடப்பதில் வெள்ளை மாளிகை தலையிடாது என்று வாக்குக் கொடுத்தார். கிளம்பும்போது பெக்வித்தைத் தனியே அழைத்து, என்ன காரணத்தால் தோற்றாலும் பழி என்னுடையது, உங்களுடையதல்ல என்று உங்கள் பையன்களிடம் சொல்லுங்கள் என்றார். பெக்வித் உருகிப்போனார்.

இங்கேதான் எனக்குக் கார்ட்டரோடு சண்டை. இந்த மனிதர் யார்? கடற்படை அகாதெமியில் படித்தவர். அணுசக்தி நீர்மூழ்கிகளின் தந்தை என்று பெயர் வாங்கிய ரிக்கோவரிடம் வேலை பார்த்தவர். வெள்ளை மாளிகை டென்னிஸ் மைதானத்தில் யார் எப்போது ஆடலாம் என்பதைக்கூடத் தானே பார்த்தார் என்று அவரிடம் உரை எழுதிக் கொடுத்தவரே பத்திரிகையில் எழுதும் அளவுக்கு, எதிலும் மூக்கை நுழைப்பவர். அப்படிப்பட்டவர், தன் பதவிக்காலத்தின் மிகப் பெரிய பந்தயத்தில் ஒரு கணக்கை மட்டும் கேட்காமல் விட்டார். ஆறு ஹெலிகாப்டருக்குக் குறைந்தால் திட்டமே இல்லை என்கிறீர்கள். அனுப்புவது எட்டு. 600 மைல் பாலைவனத்தில் இரண்டுக்கு மேல் பழுதாகாது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

கேட்காததற்குக் காரணம் சோம்பேறித்தனம் அல்ல, வியட்நாம். எந்த இடத்தில் குண்டு போடுவது என்பதை வெள்ளை மாளிகைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து தேர்ந்தெடுத்த ஜான்சனின் கதை வாஷிங்டனில் எல்லோருக்கும் மனப்பாடம். அதிபர் ராணுவக் காரியத்தில் கைவைக்கக் கூடாது என்பது அந்தத் தலைமுறை படித்த பாடம். தளபதியின் கையைப் பிடித்து இழுப்பது வேறு, தளபதியைக் குடைந்து கேட்பது வேறு. முதலாவதைத் தவிர்க்கப் போய் இரண்டாவதையும் கார்ட்டர் விட்டுவிட்டார்.

அவருக்குப் பதிலாகக் கேட்கவும் ஆள் இல்லை. ரகசியம் வெளியே கசிந்துவிடும் என்ற பயத்தில், திட்டம் போட்ட சிறு குழுவே அதைச் சரிபார்க்கவும் செய்தது. எல்லாப் பிரிவினரும் ஒரே இடத்தில் கூடி ஒரு தடவைகூட முழு ஒத்திகை பார்க்கவில்லை. ஹெலிகாப்டர்கள் கடற்படையுடையவை, கண்ணிவெடி வாரும் ரகம். ஓட்டுபவர்கள் மரைன்கள். விமானங்கள் விமானப்படையுடையவை. இறங்கிச் சண்டை போடுபவர்கள் தரைப்படை. ஊர்கூடித் தேர் இழுப்பது நல்லதுதான், வடத்தை எல்லோரும் ஒரே திசையில் இழுத்தால்.

ஏப்ரல் 24 இரவு. டெல்டா வீரர்கள் நீல ஜீன்ஸும் கறுப்புச் சாயம் போட்ட ராணுவ ஜாக்கெட்டும் அணிந்திருந்தார்கள். தோளில் தைத்திருந்த அமெரிக்கக் கொடியின் மேல் ஒரு துண்டு டேப். தூதரகத்துக்குள் நுழைந்த பிறகு அதைக் கிழித்துவிட்டால் கைதிகளுக்கு ஆள் அடையாளம் தெரியும். டெசர்ட் ஒன்னில் விமானம் இறங்க வேண்டிய இடத்தில் விளக்குகள் ஏற்கெனவே புதைக்கப்பட்டிருந்தன. மூன்று வாரத்துக்கு முன் மேஜர் ஜான் கார்னி ஒரு சிறு விமானத்தில் இரவோடு இரவாக வந்து, மண்ணைச் சோதித்து, விளக்குகளைப் புதைத்துவிட்டுப் போயிருந்தார். வந்துகொண்டிருக்கும் விமானத்திலிருந்து பொத்தானை அழுத்தியதும் ஆளில்லாத பாலைவனத்தில் விளக்குகள் எரிந்தன. முதல் விமானம் சரியாக இறங்கியது. ஆனால் கார்னி வந்தபோது கெட்டியாக இருந்த தரையின் மேல், இடைப்பட்ட நாட்களில் அடித்த காற்று மாவு போன்ற மண்ணைக் கொண்டுவந்து கொட்டியிருந்தது.

அந்த இடத்துக்கு நடுவே ஒரு சாலை போகிறது. ராத்திரி வேளையில் யார் வரப்போகிறார்கள் என்று நினைத்திருந்தார்கள். இறங்கிய சில நிமிடத்திலேயே ஒரு பயணிகள் பஸ் வந்தது. நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். சுட்டு நிறுத்தி எல்லோரையும் கீழே இறக்கி உட்காரவைத்தார்கள். பின்னாலேயே ஒரு எரிபொருள் டேங்கர் லாரி. நிற்காமல் ஓடியதால் ராக்கெட்டால் அடித்தார்கள். அது வானம் வெளிச்சமாகும் அளவுக்குப் பற்றி எரிந்தது. ஓட்டுநர் குதித்து, பின்னால் வந்த இன்னொரு வண்டியில் ஏறித் தப்பினார். பஸ் பயணிகளை என்ன செய்வது என்று வாஷிங்டனைக் கேட்டார்கள். அவர்களை விமானத்தில் வெளியே கொண்டுபோய், எல்லாம் முடிந்ததும் திருப்பிக் கொண்டுவந்து விடலாம் என்றார் கார்ட்டர். உலகத்தின் பரம ரகசியத் திட்டம், அதற்குள் ஒரு பஸ் நிறையச் சாட்சிகள்.

ஹெலிகாப்டர்கள் இன்னும் வரவில்லை.

இரண்டு மணி நேரப் பறப்புக்குள்ளேயே ஒன்றில், சுழலும் இறக்கையில் விரிசல் இருக்கலாம் என்று எச்சரிக்கை விளக்கு எரிந்தது. அதைப் பாலைவனத்திலேயே விட்டுவிட்டு, அதிலிருந்தவர்கள் இன்னொன்றில் ஏறிக்கொண்டார்கள். மீதி ஏழு. அதன் பிறகு புழுதி மேகம். மழைக்காற்றோ புயலோ இல்லாமல், மிக மெல்லிய தூசி அந்தரத்தில் ஆயிரக்கணக்கான அடி உயரத்துக்குத் தொங்கும் ஒரு சங்கதி அந்தப் பக்கத்துப் பாலைவனத்தில் உண்டு. வானிலை ஆட்களுக்கு அது தெரியும். ரகசியத்தின் பெயரால் அவர்களை விமானிகளோடு நேரில் பேசவிடவில்லை. கண்ணுக்கு எதிரே எதுவும் தெரியாமல், கருவிகளும் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்க, ஒரு ஹெலிகாப்டர் கப்பலுக்கே திரும்பிவிட்டது. இன்னும் சுமார் 25 நிமிடம் பறந்திருந்தால் அது தெளிந்த வானத்துக்குள் வந்திருக்கும். டெசர்ட் ஒன்னில் வானம் துல்லியமாக இருந்தது. அதை அந்த விமானிக்குச் சொல்ல முடியாது, ரேடியோ பேசக் கூடாது என்பது கட்டளை.

ஆறு வந்து சேர்ந்தன. ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாமதமாக, ஆளுக்கொரு திசையிலிருந்து. ஆறு போதும் என்பதால் பெக்வித்துக்கு உயிர் வந்தது. அப்போதுதான் ஆறில் ஒன்றின் ஹைட்ராலிக் பம்ப் வழியிலேயே போய்விட்டது தெரிந்தது. மாற்றுவதற்கு அங்கே வழியில்லை. மீதி ஐந்து.

களத்தில் விமானப்படையின் பொறுப்பாளரான கர்னல் ஜேம்ஸ் கைல், ஐந்தை வைத்துப் போக முடியுமா என்று பெக்வித்திடம் கேட்டார். முடியாது என்றார் பெக்வித். இருபது பேரை இங்கே விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கும், யாரை விடுவது? எல்லோருக்கும் வேலை இருக்கிறது. செய்தி, முழு நடவடிக்கைக்கும் தலைவராக எகிப்தில் இருந்த ஜெனரல் வாட் மூலமாக வாஷிங்டனுக்குப் போனது. தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் பிரெசின்ஸ்கிக்கு ஐந்தோடு போய்விடலாமே என்று உள்ளுக்குள் ஆசை. களத்தில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார் கார்ட்டர். திரும்பலாம் என்கிறார். அவர் சொல்கிறபடியே செய்யுங்கள் என்றார். வாஷிங்டனில் அப்போது மாலை 5 மணிக்குச் சற்று முன்.

இந்த முடிவுக்காகக் கார்ட்டரைக் கோழை என்றவர்கள் உண்டு. எனக்கு அதில் கோழைத்தனம் தெரியவில்லை. ஆறுக்குக் கீழே போனால் திரும்புவது என்று குளிர்ந்த மூளையோடு முன்கூட்டியே பேசிவைத்திருந்தார்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்ற நினைப்பு பல படைகளை அழித்திருக்கிறது. தேர்தல் வருடத்தில், கைக்கெட்டும் தூரத்தில் வெற்றி இருப்பதுபோல் தோன்றும் நேரத்தில், ஒரு கர்னலின் வார்த்தையை ஏற்று நிறுத்து என்று சொல்ல நெஞ்சழுத்தம் வேண்டும்.

அதுவரை ஒரு உயிரும் போகவில்லை. அப்படியே திரும்பியிருந்தால், இது நடந்ததே வெளியுலகத்துக்கு வெகுநாள் தெரியாமல் போயிருக்கலாம். திரும்புவதற்காக ஒரு ஹெலிகாப்டரைக் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருந்தது. அது மேலே எழும்பியதும் அந்த மாவு மண் முழுக்கக் கிளம்பியது. விமானிக்குத் திசை தெரியவில்லை. ஹெலிகாப்டர் சாய்ந்து, எரிபொருளும் வீரர்களும் நிறைந்திருந்த சி-130 ஒன்றின் மேல் போய் மோதியது. இரண்டும் பற்றிக்கொண்டன. உள்ளே இருந்த டெல்டா வீரர்கள் ஒற்றைக் கதவு வழியாக முண்டியடித்து வெளியே விழுந்தார்கள். விமானப்படையினர் ஐந்து பேரும் மரைன்கள் மூன்று பேரும் வெளியே வரவில்லை. வெடிகுண்டுகள் வெப்பத்தில் வெடிக்க ஆரம்பித்தன. உடல்களை எடுக்க முடியவில்லை. மீதி ஹெலிகாப்டர்களை ரகசிய ஆவணங்களோடு அப்படியே விட்டுவிட்டு, எஞ்சிய விமானங்களில் ஏறிக் கிளம்பினார்கள்.

அடுத்த நாள் காலை 7 மணிக்குக் கார்ட்டர் தொலைக்காட்சியில் வந்தார். அனுப்பியதும் என் முடிவு, நிறுத்தியதும் என் முடிவு, பொறுப்பு முழுவதும் என்னுடையது என்றார். தளபதிகள் யார் பெயரும் இல்லை, வானிலை மேல் பழி இல்லை. பெக்வித்துக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். சில நாளில் திரும்பிவந்த வீரர்களை ரகசியமாகப் போய்ப் பார்த்தபோது, உங்களைக் கைவிட்டுவிட்டோம் என்று பெக்வித் கண்கலங்கினார். கார்ட்டர் அவரைக் கட்டியணைத்துக்கொண்டார்.

முன்னாள் கடற்படைத் தளபதி ஜேம்ஸ் ஹாலோவே தலைமையில் ஒரு குழு இதை ஆராய்ந்து ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தது. குறைந்தது 10, முடிந்தால் 12 ஹெலிகாப்டர்கள் போயிருக்க வேண்டும் என்றது. நிமிட்ஸில் இன்னும் சிலவற்றுக்கு இடமும் இருந்தது. திட்டத்தை வெளியாட்கள் யாரும் சோதிக்கவில்லை, முழு ஒத்திகை இல்லை, யார் யாருக்குத் தலைவர் என்பதே களத்தில் இருந்தவர்களுக்குக் குழப்பம் என்று அடுக்கியது. ஆகவே ஒன்பதாவது ஹெலிகாப்டர் ஒன்று இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்ற கார்ட்டரின் நினைப்பு அவருடைய ஆறுதலுக்கு. டெஹ்ரானுக்குள் நுழைவதற்கு முன்னாலேயே இத்தனை நடந்தது. உள்ளே போயிருந்தால் இறந்தவர்கள் எண்ணிக்கை எட்டோடு நின்றிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

பின்கதை சுருக்கமானது. ஈரான், கைதிகளைப் பல ஊர்களுக்குப் பிரித்து அனுப்பிவிட்டது. இன்னொரு மீட்புக்கு வழியில்லாமல் போயிற்று. ஜூலையில் ஷா கெய்ரோவில் இறந்தார். செப்டம்பரில் சதாம் உசேன் ஈரான் மேல் படையெடுத்தார். அதற்குப் பிறகுதான் டெஹ்ரானுக்கு முடக்கப்பட்ட பணம் அவசரமாகத் தேவைப்பட்டது. நவம்பர் 4, தூதரகம் பிடிபட்ட அதே தேதி, அமெரிக்காவில் தேர்தல். எதிர்த்து நின்ற ரீகனுக்கு 489 தேர்தல் வாக்குகள், கார்ட்டருக்கு 49. தோற்ற பிறகும் அவர் பேச்சுவார்த்தையை விடவில்லை. அல்ஜீரியா நடுவில் நிற்க, ஏப்ரல் கூட்டத்தில் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்த அதே வாரன் கிறிஸ்டோபர் ஒப்பந்தத்தை முடித்தார். பதவியின் கடைசி இரண்டு இரவும் கார்ட்டர் அலுவலக அறையிலேயே கிடந்தார். 1981 ஜனவரி 20 அன்று ரீகன் பதவியேற்ற சில நிமிடத்தில் 52 பேரையும் ஏற்றிக்கொண்டு விமானம் டெஹ்ரானை விட்டுக் கிளம்பியது. 444 நாட்கள். பிடிபட்ட 66 பேரில் ஒருவர்கூடச் சாகவில்லை. வான்ஸ் சொன்னபடியேதான் நடந்தது.

அமெரிக்க ராணுவம் இந்தத் தோல்வியை மறக்கவில்லை. இரவில் ஹெலிகாப்டர் ஓட்டுவதற்கென்றே தனிப் படைப்பிரிவை உண்டாக்கினார்கள். 1987இல் சிறப்புப் படைகளுக்கெல்லாம் ஒரே தலைமையகம் வந்தது. 1980இல் அந்த இரவு, சிஐஏ தலைவரின் உதவியாளராக வெள்ளை மாளிகையில் இருந்த ராபர்ட் கேட்ஸ் என்ற இளைஞர், 2011இல் ஒபாமாவின் பாதுகாப்பு அமைச்சர். அபோட்டாபாத்தில் பின் லேடனைப் பிடிக்கப் போகும் திட்டத்தைப் பேசும்போது டெசர்ட் ஒன்னை நினைவுபடுத்தித் தயங்கியவர் அவர். போகும் படை மாட்டிக்கொண்டால் சண்டையிட்டு வெளியே வரும் அளவுக்குப் பலம் வேண்டும் என்று ஒபாமா குடைந்து கேட்டார். கூடுதலாக சினூக் ஹெலிகாப்டர்களைச் சேர்த்தார்கள். அந்த இரவு முதல் ஹெலிகாப்டர் மதிலில் மோதி விழுந்தது. கூடுதலாகப் போனதில் ஒன்று வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டது.

என்னைக் கேட்டால், 1980 ஏப்ரல் 24 அன்று கார்ட்டர் எடுத்த முடிவில் பிழை இல்லை. ஏப்ரல் 16 அன்று பெக்வித்தைப் பாராட்டி அனுப்புவதற்கு முன், இன்னும் ஒரு மணி நேரம் உட்காரவைத்துக் கேள்வி கேட்டிருக்க வேண்டும். அடுத்த வாரம் 1977ஆம் வருடத்துக்கு, மொகதிஷு விமான நிலையத்துக்குப் போவோம். அங்கே கடத்தப்பட்ட விமானத்தை மீட்க ஆளனுப்பிவிட்டு, தோற்றால் கொடுப்பதற்காக ராஜினாமாவைத் தயாராக வைத்துக்கொண்டு பானில் காத்திருந்தார் ஜெர்மன் பிரதமர் ஹெல்முட் ஷ்மித்.